கார் வேண்டாம்... தேர் வீதிக்கு ரயிலில் போவோம்!

குட்டி நண்பர்களே, முதலில் ஒரு புதிர்!

ஓர் ஊரில் கிழக்கே ஒரு 'கார் தெரு'. மேற்கே ஒரு 'கார் தெரு'. வடக்கிலும் தெற்கிலும் அதே பெயரில் இன்னும் இரண்டு. ஆனால் பெட்ரோல் போட்டு ஓட்டுகிற காருக்கும் இந்தத் தெருக்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது எந்த ஊர்?

யோசித்தீர்களா? சிதம்பரம்தான்! கோயில் தேரை ஆங்கிலத்தில் 'கார்' என்றுதான் சொல்வார்கள். தேர் ஓடுகிற கீழ வீதி, மேல வீதி, வடக்கு வீதி, தெற்கு வீதி நான்கையும் ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்', 'வெஸ்ட் கார் ஸ்ட்ரீட்' என்று ஆகிவிட்டது. கடைப் பலகைகளில் இதைப் பார்த்துவிட்டு, "இங்கேதான் காரை நிறுத்த வேண்டும் போலிருக்கிறது" என்று யாராவது வெளியூர்க்காரர் நினைத்தால் நாம் என்ன செய்ய முடியும்?

இந்தக் கார் தெரு ஊருக்குக் கார் இல்லாமல் போவது எப்படி என்றுதான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். வரும் விடுமுறையில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி எல்லோரையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் பயணம். அவர்கள் உங்களைக் கூட்டிப் போக வேண்டாம். நீங்கள் அவர்களைக் கூட்டிப் போங்கள்! அதாவது, திட்டம் போடும் வேலை முழுக்க உங்களுடையது. காசு கொடுப்பது மட்டும் அவர்களுடையது. நல்ல ஏற்பாடுதானே?

"ரயிலா? காரில் போனால் வசதியாக இருக்குமே" என்று வீட்டில் யாராவது முனகுவார்கள். அவர்களிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உட்கார்ந்து போகும் ரயில் பெட்டி ஒன்றில் ஏறக்குறைய நூறு பேர் போகிறார்கள். ஒரு காருக்கு ஐந்து பேர் என்றால், அந்த ஒரு பெட்டிக்காரர்கள் எல்லோரும் காரில் வர இருபது கார் வேண்டும். ரயிலில் இப்படி எத்தனை பெட்டிகள்! அத்தனை காரும் சிதம்பரம் கீழ வீதிக்குள் நுழைந்தால் பூக்காரம்மா கூடையை எங்கே வைப்பார்? இன்னொரு விஷயம். காரை ஓட்டுகிறவர் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். ரயிலில் அப்பாவும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். பாவம், அவருக்கும் ஆசை இருக்காதா?

டிக்கெட் விஷயம்

சென்னை எழும்பூரிலிருந்து சிதம்பரம் ரயில் பாதையில் ஏறக்குறைய 245 கிலோமீட்டர். விழுப்புரம், கடலூர் வழியாகப் போகும். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் குழந்தைகளுக்கு இன்னும் பக்கம். மயிலாடுதுறை வழியாக வந்துவிடலாம். மயிலாடுதுறையிலிருந்து சிதம்பரம் 40 கிலோமீட்டருக்குள்தான்.

சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே பகலில் ஓடும் ரயில் சோழன் எக்ஸ்பிரஸ். பெயரே பொருத்தமாக இருக்கிறது, பாருங்கள்! இரவில் கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸும் இந்த வழியாகப் போகிறது. ஆனால் இரவு ரயில் சிதம்பரம் வரும்போது நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பீர்கள். என்னைக் கேட்டால் பகல் ரயில்தான். வழியில் வருவதைப் பார்க்காவிட்டால் பாதிப் பயணம் போச்சு. ரயில் நேரமும் கிளம்பும் நிலையமும் அவ்வப்போது மாறும். ஆகவே டிக்கெட் எடுக்கும் அன்று ஒரு தடவை, கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னால் தொடங்குகிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது. விடுமுறைக் காலம் என்றால் முதல் நாளே பதிந்துவிடுவது நல்லது. 5 வயது ஆகாத தம்பி, தங்கைக்குத் தனி இடம் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 வயது முடிந்து 12 வயது ஆகாதவர்களுக்கு முன்பதிவு இல்லாத பெட்டியில் அரை டிக்கெட். முன்பதிவுப் பெட்டியில் தனி இடம் வேண்டும் என்றால் முழு டிக்கெட். 2016 முதல் இப்படி. 12 வயது ஆகிவிட்டதா? வாழ்த்துகள், நீங்கள் பெரிய ஆள். முழு டிக்கெட் எடுங்கள்!

ஜன்னலோரம்

ரயில் தெற்கே போகும்போது உங்கள் இடது கைப் பக்கம் கிழக்கு. கடல் இருக்கும் திசை. காலையில் அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும். ஆனாலும் அங்கேயே உட்காருங்கள்.

விழுப்புரம் வரைக்கும் பெரிய பாதை. ரயில்கள் பறந்துகொண்டே இருக்கும். விழுப்புரத்தில் நம் பாதை பிரிந்து கடற்கரைப் பக்கமாகத் திரும்புகிறது. இந்தப் பாதையில் முன்பு மீட்டர் கேஜ் ரயில்தான் ஓடியது. அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர்தான் இடைவெளி. உங்கள் பள்ளி மேஜை அளவு! இப்போது இருக்கும் அகலப் பாதையில் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையை மாற்றி முடித்து 2010-ல் ரயில் விட்டார்கள். உங்கள் பாட்டிக்கு இந்த ஊர்ப் பக்கம் சொந்தம் இருந்தால் அந்தக் குட்டி ரயிலில் ஆடிக்கொண்டே போன கதையைக் கேளுங்கள். நிறுத்தவே மாட்டார்!

விழுப்புரம் தாண்டியதும் தென்பெண்ணை ஆற்றுப் பாலம். பிறகு பண்ருட்டி. சிவப்பு மண், முந்திரித் தோப்பு, பலா மரம். சீசனில் போனால் பலாப்பழ வாசனை ரயிலுக்குள்ளேயே வந்துவிடும். அடுத்து கெடிலம் ஆறு, கடலூர். அதன் பிறகு மண்ணின் நிறமே மாறிப் போகும். பரங்கிப்பேட்டை என்று ஒரு ஸ்டேஷன் வரும். அந்தக் காலத்தில் போர்ச்சுக்கீசியர்கள் வந்து வணிகம் செய்த துறைமுகம் இது. நம் ஆட்கள் அவர்களைப் 'பரங்கியர்' என்றார்கள். ஊர் பரங்கிப்பேட்டை ஆகிவிட்டது. 1781 ஜூலை 1-ஆம் தேதி இங்கேதான் மைசூரின் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரிய சண்டை நடந்தது. ஐதர் தோற்றுப் போனார். ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்த கதை வேறு! அதைச் சிதம்பரம் போய்ச் சொல்கிறேன்.

பரங்கிப்பேட்டையைத் தாண்டினால் வெள்ளாறு. கடலில் கலப்பதற்கு முன் ஆறு எப்படி அகலமாக, அவசரமே இல்லாமல் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு பச்சை வயல்கள். அடுத்து, சிதம்பரம்!

இறங்கியதும் ஓடாதீர்கள். ஸ்டேஷனின் மஞ்சள் நிறப் பெயர்ப் பலகையைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பார்கள். எழும்பூரில் ஏறும்போதே அங்கே இருப்பதைக் குறித்துக்கொண்டால், இரண்டு ஊரில் எது தாழ்வு என்று கண்டுபிடித்துவிடலாம்.

வெளியே வந்தால் கோயில் நடந்து போகிற தூரம்தான். பாட்டிக்கு மூட்டுவலி என்றால் ஆட்டோ இருக்கிறது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருப்பது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் தொடங்கியது. ஒரு சின்ன ஊரில் இத்தனை பெரிய பல்கலைக்கழகம் என்பது ஆச்சரியம்தான்.

பசிக்கிறதா? சிதம்பரத்துக்கு என்று ஒரு ருசி உண்டு. கொத்சு! கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளியும் வறுத்து அரைத்த மல்லி, மிளகாயும் சேர்த்துச் செய்வார்கள். கோயிலில் மிளகு, சீரகம் போட்ட சம்பா சாதத்துக்கு இது ஜோடி. ஹோட்டலில் இட்லிக்கும் ஊற்றுவார்கள். "எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது" என்று சொல்கிறவர்கள் ஒரே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி சொல்லுங்கள், பார்ப்போம்!

ஊருக்குப் பெயர் கொடுத்த மரம்

மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தை வீணாக்காமல் பிச்சாவரம் போய்விட்டு வந்துவிடலாம். சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ் போகிறது. சுமார் 15 கிலோமீட்டர். இங்கேயும் கார் வேண்டாம்!

பிச்சாவரத்தில் இருப்பது கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இடத்தில் வளர்ந்த காடு. அலையாத்திக் காடு என்பார்கள். அலையை ஆற்றும் காடு. என்ன அழகான பெயர்! தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துடுப்புப் படகில் ஏறி, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்காருங்கள். படகு அகலமான தண்ணீரில் கொஞ்ச தூரம் போகும். பிறகு சட்டென்று ஒரு சந்துக்குள் திரும்பும். இரண்டு பக்கமும் மரங்கள், தலைக்கு மேலே கிளைகள், கீழே பச்சைத் தண்ணீர். வெயில் காணாமல் போய்விடும். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' படத்தின் காட்சிகள் (1975) இங்கே எடுத்தவைதான். தாத்தாவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

மரங்களின் வேரைக் கவனியுங்கள். சுரபுன்னை மரம் நிறைய கால்களை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் நிற்பது போல இருக்கும். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி வேர்கள் மேல்நோக்கி முளைத்திருக்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால் மூச்சு விடுவதற்காக வேர் மேலே வருகிறது! சுரபுன்னையின் விதை இன்னும் வேடிக்கை. மரத்தில் இருக்கும்போதே முளைத்து, பச்சை முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். பிறகு ஈட்டி போலக் கீழே விழும். சேறாக இருந்தால் அங்கேயே குத்தி நின்று வளரும். தண்ணீராக இருந்தால் மிதந்து போய் வேறிடத்தில் வளரும். நடக்க முடியாத மரம் பிள்ளைகளைப் பயணம் அனுப்புகிறது!

படகுக்காரரிடம் "தில்லை மரம் எது?" என்று கேளுங்கள். சிதம்பரத்தின் பழைய பெயர் தில்லை. அந்தப் பெயர் வந்தது இந்த மரத்தால்தான். ஒரு காலத்தில் ஊர் இருக்கும் இடமே தில்லைக் காடாக இருந்ததாம். இப்போது ஊருக்குள் தேடினால் கிடைப்பது கஷ்டம். காடு இங்கே தள்ளி வந்துவிட்டது. ஆனால் ஒன்று: பார்க்க மட்டும் செய்யுங்கள். இலையைக் கிள்ளாதீர்கள், கிளையை ஒடிக்காதீர்கள். தில்லையின் பால் தோலில் பட்டால் எரியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து!

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது உங்களுக்குப் பாடத்தில் இருக்கும். அப்போது நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள். கடலூர் மாவட்டக் கடற்கரையில் ஏராளமானோர் உயிரிழந்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் வந்து பார்த்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவாக இருந்தது தெரிந்தது. அலையின் வேகத்தை மரங்கள் வாங்கிக்கொண்டன. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது; உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் பட்டியல் அது. நீங்கள் தின்ற சிப்ஸின் கவர் அந்தப் பென்சில் வேர்களில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

நாளைப் போவார்

மாலையில் ஊருக்குத் திரும்பி, கோயிலுக்குள் நுழைவதற்கு முன்னால் தேர் வீதிகளை ஒரு சுற்று நடந்து வாருங்கள். நடந்தால்தான் இந்தக் கதை புரியும்.

"சிதம்பரத்துக்கு எப்போதப்பா போகலாம்?" என்று நீங்கள் கேட்டால் அப்பா என்ன சொல்வார்? "நாளைக்குப் பார்க்கலாம்." மறுநாள் கேட்டால்? "நாளைக்கு." இப்படி 'நாளை போவேன், நாளை போவேன்' என்று சொல்லிச் சொல்லியே ஒருவருக்கு அது பெயராகிவிட்டது. திருநாளைப்போவார். நந்தனார் என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் சோம்பலால் தள்ளிப் போடவில்லை. அவரைப் போக விடவில்லை!

ஆதனூரைச் சேர்ந்தவர் நந்தன். தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கி வைத்த குலத்தில் பிறந்தவர். கோயில்களின் பேரிகைக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பது அவர் வேலை என்கிறது பெரிய புராணம். யோசித்துப் பாருங்கள். அவர் கொடுத்த தோலில் எழும் சத்தம் கோயிலுக்குள் போகலாம். தோலைக் கொடுத்தவர் போகக்கூடாது! இது என்ன நியாயம்?

இதே ரயில் பாதையில் இருக்கும் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில் திருப்புன்கூர் என்று ஓர் ஊர். அங்கே வெளியே நின்று பார்த்த நந்தனுக்கு நந்தி மறைத்ததாம். இறைவன் நந்தியை விலகச் சொன்னார் என்பது கதை. இன்றைக்கும் அங்கே நந்தி சற்று விலகித்தான் இருக்கிறது. கடைசியில் ஒரு நாள் நந்தன் தில்லைக்கு நடந்தே வந்தார். வந்தவர் உள்ளே நுழையவில்லை. எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தீயில் மூழ்கி எழுந்து உள்ளே போனதாகப் புராணம் சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை 'நந்தனார் சரித்திரம்' என்று பாடல்களாக எழுதினார். பண்ணையார் அனுமதி தராமல் நந்தனை வயல் வேலையில் கட்டிப் போடுவதெல்லாம் அவர் சேர்த்தது. ஊர் ஊராக அந்தப் பாடல்கள் பரவின. கேட்டவர்கள் அழுதார்கள். ஆனால் மற்ற யாரும் தீயில் இறங்காமல் உள்ளே போகிற நந்தன் மட்டும் ஏன் தீயில் இறங்க வேண்டும்? இந்தக் கேள்வியை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பதில் சொல்ல இந்த ஊருக்கே ஒருவர் வந்தார். சுவாமி சகஜானந்தர். அவரும் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். உள்ளே விடாத ஊரில் அவர் கட்டியது ஒரு பள்ளிக்கூடம். 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரிலேயே அதைத் தொடங்கினார். படிக்க இடம் கிடைக்காத ஏழைக் குழந்தைகள் அங்கே படித்தார்கள். பிறகு அவர் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1947-ல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத்தால் எல்லா இந்துக்களும் கோயில்களுக்குள் போகும் உரிமை உறுதியானது. நந்தனார் பெயரில் இப்போதும் சிதம்பரத்தில் அரசுப் பள்ளி நடக்கிறது. கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் அந்தப் பள்ளியைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். நீங்கள் கேட்டு, வழி தெரிந்துகொண்டு, வாசல் வரையாவது போய் வாருங்கள்.

கல்லில் ஆடும் பெண்கள்

இனி கோயில். சுமார் 40 ஏக்கர் பரப்பு. நான்கு திசைக்கும் ஏழு நிலைக் கோபுரங்கள் நான்கு. வடக்குக் கோபுரத்தைக் கட்டுவித்தவராக விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரைச் சொல்கிறது கல்வெட்டு. அவர் சிலையும் அந்தக் கோபுரத்தில் இருக்கிறது. வழியில் சொல்வேன் என்றேனே, அந்த ஐதர் கதை இங்கேதான். 1781-ல் ஐதரின் வீரர்கள் இந்தக் கோயிலையே கோட்டை ஆக்கிக்கொண்டார்கள்! ஜூன் 18 அன்று அயர் கூட் படையுடன் வந்து தாக்கினார். உள்ளே நுழைய முடியவில்லை, பின்வாங்கினார். மதில் சுவரின் கனத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

கோபுர வாசலில் எல்லோரும் விறுவிறுவென்று உள்ளே போவார்கள். நீங்கள் போகாதீர்கள். அங்கேயே நின்று, இரண்டு பக்கச் சுவரையும் பாருங்கள். சதுரம் சதுரமாகச் சின்னச் சின்னச் சிற்பங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் ஒரு பெண் ஒரு விதமாக ஆடுகிறாள். மொத்தம் 108. இவற்றுக்குக் கரணங்கள் என்று பெயர். கை ஒரு விதம், கால் ஒரு விதம், உடம்பு ஒரு விதம். மூன்றும் சேர்ந்தது ஒரு கரணம். ஒருத்தி காலைத் தூக்கி நெற்றிக்கே கொண்டு போகிறாள். நாம் முயன்றால் தொப்பென்று விழுவோம்! பரத முனிவர் எழுதியதாகச் சொல்லப்படும் நாட்டிய சாஸ்திரத்தில் இந்த 108-ம் வருகின்றன. சில சிற்பங்களுடன் அந்த நூலின் வரிகளையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதாவது, படம் போட்ட நாட்டியப் பாடப் புத்தகம்! நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் இப்படிப்பட்ட சிற்பங்களை ஆராய்ந்துதான் பழைய கரணங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். செல்போனில் எடுத்தால் ஒரு நொடி. வரைந்தால் கால் மணி நேரம் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். முழங்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

உள்ளே நிருத்த சபை என்று ஒரு மண்டபம் இருக்கிறது. 56 தூண்கள். இதற்குச் சக்கரமும் குதிரையும் உண்டு. ஆமாம், தேர் வடிவில் கட்டிய மண்டபம். வீதியில் ஓடுவது மரத்தேர், இங்கே நிற்பது கல் தேர். இந்த ஊர்க்காரர்களுக்குத் தேர் மேல் அப்படி ஒரு பிரியம்! ஆனி மாதத்திலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் வீதியில் வரும். மற்றக் கோயில்களில் மூலவர் கருவறையிலேயே இருப்பார். உற்சவர்தான் வெளியே வருவார். இங்கே மூலவரான நடராசரே தேரில் ஏறி வருகிறார்.

அந்த நடராசர் ஒரு முறை மிகப் பெரிய பயணம் போயிருக்கிறார். 1648-ல் போர் பயத்தால் அவரை ரகசியமாக ஊரை விட்டு எடுத்துப் போனார்கள். முதலில் புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலை. பிறகு மதுரை. திரும்பி வந்தது 1686-ல். ஏறக்குறைய 38 வருடம்! அப்போது ரயிலும் இல்லை, காரும் இல்லை. உலோகச் சிலையைச் சுமந்துகொண்டு, யார் கண்ணிலும் படாமல் அத்தனை தூரம் போயிருக்கிறார்கள். அதே நடராசர் வடிவில் செய்த ஒரு சிலை இன்று ஜெனீவாவில் இருக்கிறது. அணுத்துகள்களை ஆராயும் செர்ன் ஆய்வு மையத்துக்கு இந்தியா கொடுத்த பரிசு. 2004-ல் அங்கே நிறுவினார்கள்.

நடராசர் இருக்கும் சிற்றம்பலத்துக்குப் பொற்கூரை. அதில் 21,600 ஓடுகள் என்று சொல்வார்கள். ஒரு மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கையாம் அது. நம்பலாமா? கணக்குப் போடுங்கள். 21,600-ஐ 24-ஆல் வகுத்தால் 900. அதை 60-ஆல் வகுத்தால் 15. நிமிடத்துக்கு 15 மூச்சு! அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது தாத்தாவின் மூச்சைக் கடிகாரம் வைத்து எண்ணிப் பாருங்கள்; ஓடி விளையாடிவிட்டு வந்து உங்கள் மூச்சை எண்ணாதீர்கள், கணக்கு உதைக்கும். பக்கத்தில் ஒரு திரை தொங்கும். அதற்குப் பின்னால்தான் 'சிதம்பர ரகசியம்'. திரையை விலக்கினால் தங்க வில்வ இலை மாலை தெரியும், சிலை எதுவும் இருக்காது. வெட்டவெளி! ஆகாயத்துக்கு உருவம் ஏது? அதுதான் ரகசியம்.

இன்னொரு ரகசியமும் இங்கே பூட்டிக் கிடந்ததாம். திருஞானசம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய தேவாரப் பாடல்கள் எங்கே போயின என்று ராஜராஜ சோழன் தேடினான். நம்பியாண்டார் நம்பி என்னும் புலவர், அவை தில்லைக் கோயிலின் ஓர் அறைக்குள் இருப்பதாகச் சொன்னார். திறந்தால், சுவடிகளைக் கரையான் புற்று மூடியிருந்தது! எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தார்கள். மிஞ்சியது கொஞ்சம்தான் என்கிறது கதை. இன்று நமக்குக் கிடைப்பவை சுமார் 800 பதிகங்கள். கரையான் தின்றது எத்தனையோ! சுவடி போனால் பாட்டும் போச்சு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பழைய சுவடிகளைத் தேடித் தேடி அச்சில் ஏற்றியது இந்தக் கவலையால்தான். அவர் கடல் தாண்டி வந்து 1864-ல் இதே சிதம்பரத்தில் ஒரு பள்ளியும் தொடங்கினார்.

இரவு ஊரிலேயே தங்கிவிடுங்கள். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் கீழ வீதிக்கு வந்தால், கிழக்குக் கோபுரத்தின் மேல் சூரிய வெளிச்சம் நேராக விழும். முந்தின நாள் சாயங்காலம் கண்ணில் படாத பொம்மைகள் எல்லாம் அப்போது தெரியும். மதியம் என்றால் கல் தரை காலைச் சுட்டுவிடும். வெறுங்காலில் துள்ள வேண்டியதுதான்.

சென்னைக் குழந்தைகளுக்கு மட்டும் ஒரு சேதி. காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறினால் வீராணம் ஏரியைப் பார்க்கலாம். சோழர்கள் 10-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. 'பொன்னியின் செல்வன்' கதை தொடங்குவது அந்த ஏரிக்கரையில்தான். 2004 முதல் அங்கிருந்து குழாய் வழியே சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. நீங்கள் ரயிலில் வந்த தூரத்தை உங்கள் வீட்டுத் தண்ணீர் குழாயில் எதிர்த்திசையில் வந்திருக்கலாம்!

திரும்பும் ரயிலுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். ரயில் நின்ற பிறகுதான் ஏற வேண்டும். வாசல் படியில் உட்காரக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது. வடக்கே போகும்போது கடல் பக்கம் உங்கள் வலது கைக்கு வந்துவிடும். மாலை ரயில் என்றால் அந்தப் பக்கம் வெயிலும் இருக்காது. முதலில் வெள்ளாறு, அப்புறம் கெடிலம், கடைசியில் தென்பெண்ணை. எந்த ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, எதில் வெறும் மணல் என்று நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.